வாசற்படி ஏறிச் சென்ற அழைப்பு

1991ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 18ஆம் நாள். கோழிக்கோடு நகரின் மானாஞ்சிறைத் திடலில் மக்கள் பெருந்திரளாகக் கூடியிருந்தனர். கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகிவிட்டது என்னும் அறிவிப்பை நாட்டுக்குச் சொல்லும் விழா அது. அமைச்சர்கள் இருந்தனர், அறிஞர்கள் இருந்தனர். ஆயினும் அந்த அறிவிப்பைச் செய்யும் பேறு அவர்களில் எவருக்கும் அளிக்கப்படவில்லை. மலப்புறம் மாவட்டத்துக் காவனூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி மேடையேறினார். நடுவயதைக் கடந்தவர், அண்மையில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர், சேலக்கோடன் ஆயிஷா என்பது அவர் பெயர். அவருடைய வாயினாலேயே கேரளத்தின் எழுத்தறிவு உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைப் பலரும் வியப்போடு பேசுவதுண்டு. ஆனால் வரலாற்றை நோக்குகின்றவர்க்கு எழ வேண்டிய வினா வேறு. மேடைக்கு வந்த அந்தப் பெண்மணி அதற்கு முன்பு வகுப்புக்கு எப்படி வந்தார்? அவரைப் போன்ற இலட்சக்கணக்கானோர், பேரன் பேத்தி கண்ட வயதில், சிலேட்டைக் கையில் எடுக்க எப்படி இசைந்தனர்? சிறுவனைப் பள்ளிக்கு அனுப்புவது தாய் தந்தையரின் கடமை. மூத்தவரை அவ்வாறு அனுப்புவோர் யாருமில்லை. அவர் தாமாக வர வேண்டும். அல்லது யாரேனும் போய் அழைக்க வேண்டும். அப்படி அழைத்தவர்களின் வரலாற்றையே இங்குக் காணப் புகுகின்றோம்.

நூலகத்திலிருந்து புறப்பட்டவர்

கேரளத்தின் இந்த அறுவடைக்கு விதை நெடுநாட்களுக்கு முன்பே ஊன்றப்பட்டிருந்தது. 1909ஆம் ஆண்டு நீலம்பேரூரில் பிறந்த பி. என். பணிக்கர் என்பார், 1926இல் தம் ஊரில் ஒரு சிறு நூலகத்தைத் தொடங்கினார். 1945இல் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்த 47 நூலகங்களை ஒன்றுசேர்த்து ஒரு சங்கமாக்கினார். சில பத்தாண்டுகளில் அது ஆயிரக்கணக்கான ஊர் நூலகங்களைக் கொண்ட பேரமைப்பாக வளர்ந்தது.

நூலகம் கட்டியவர் பலர். பணிக்கரின் சிறப்பு, நூலகத்தின் வாசலில் வந்து நில்லாதவரைப் பற்றியும் அவர் கவலைப்பட்டது. படிக்கத் தெரிந்தவர்க்கன்றோ நூலகம்? தெரியாதவரை என் செய்வது? ‘வாசித்து வளர்க’ என்னும் முழக்கத்தோடு கேரளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரு பண்பாட்டுப் பயணம் நடத்தினார். 1977இல் முறைசாராக் கல்விக்கென்றே ‘கான்பெட்’ என்னும் அமைப்பை நிறுவினார். 1995ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அவர் மறைந்தார். அந்நாளே இன்று வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகின்றது. நூலைத் தேடி மனிதன் வரட்டும் என்று காத்திராமல், மனிதனைத் தேடி நூல் போகட்டும் என்று நினைத்தவர் அவர். பின்னர் எர்ணாகுளத்தில் நிகழ்ந்ததற்கு இந்நினைப்பே அடிப்படை எனலாம்.

எர்ணாகுளத்தின் ஓராண்டு

1988இல் இந்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தோற்றுவித்தது. அடுத்த ஆண்டே எர்ணாகுளம் மாவட்டம் ஒரு துணிவான முயற்சியில் இறங்கியது. 1962 முதல் அறிவியலை மக்கள் மொழியில் பரப்பி வந்த கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும், மாவட்ட ஆட்சியர் கே. ஆர். ராஜன் தலைமையிலான அரசு அலுவலர்களும் கைகோத்தனர். 1989ஆம் ஆண்டு ஜனவரி 26இல் பணி தொடங்கிற்று. 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், அன்றைய பிரதமர் வி. பி. சிங் எர்ணாகுளத்தை நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தார். இடைப்பட்ட காலம் ஓராண்டும் சில நாட்களுமே!

இவ்வளவு விரைவில் இது கைகூடியதன் காரணத்தை ஆராய்ந்தால், பாடநூலைவிட அழைப்பு முறையே முன்னே வந்து நிற்கின்றது. முதலில் அவர்கள் வகுப்பு நடத்தவில்லை. ஊர்தோறும் கலைக்குழுக்கள் சென்றன. வீதி நாடகங்கள் நடந்தன. பாட்டும் கூத்துமாக ஊர்வலங்கள் போயின. அதன் பிறகு, 1989 மே திங்களில், ஏறத்தாழ 50,000 தொண்டர்கள் மாவட்டத்தின் வீடுகளுக்கெல்லாம் நேரில் சென்றனர். எழுதப் படிக்கத் தெரியாதவர் யார் யார் என்று கணக்கெடுத்தனர். பார்வைக்கு அது கணக்கெடுப்பு. உண்மையில் அதுவே முதல் அழைப்பு. அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் அதைப் படிக்கத் தெரியாதவன் எப்படி வருவான்? எனவே அழைப்பு கால்நடையாக வீட்டு வாசற்படி ஏறிச் சென்றது.

பயிற்றுவிக்க முன்வந்த இளைஞர்கள் ஏறத்தாழ 20,000 பேர். ஒவ்வொருவருக்கும் வாய்த்த மாணவர் ஒரு கைவிரலிலோ இரு கைவிரல்களிலோ எண்ணிவிடக் கூடிய அளவினரே. வகுப்பறை என்று தனியே எதுவும் கட்டப்படவில்லை. வீட்டுத் திண்ணையும் மரத்தடியும் வகுப்பறைகளாயின. வேலைக்குப் போகின்றவர் வீடு திரும்பும் நேரமே பாட நேரம். கற்க வந்தவருள் பெரும்பாலோர் பெண்கள். உழவுத் தொழிலாளரும் மீனவரும் மிகுதி. பழக்கமில்லாத கட்டடத்துக்குள், பழக்கமில்லாத மனிதர் முன் போய் உட்காரும் கூச்சம் அங்கே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகள் ஆசிரியை. அடுத்த வீட்டுக்காரி உடன் பயிலும் தோழி.

பார்வை என்னும் தடை

எர்ணாகுளத்தில் நிகழ்ந்தவற்றுள் நம் நெஞ்சைத் தொடும் ஒன்று உண்டு. மூத்தவர் பலர் ஓரிரு நாள் வந்து, பிறகு வராமல் நின்றுவிட்டனர். ‘இந்த வயதில் எனக்கு எங்கே ஏறப் போகிறது’ என்று தம்மைத் தாமே குறை கூறிக்கொண்டோர் பலர். ஆனால் குறை அவர்கள் அறிவில் இல்லை, கண்ணில் இருந்தது. நாற்பதைக் கடந்த எவருக்கும் வரும் வெள்ளெழுத்து அவர்களுக்கும் வந்திருந்தது. எழுத்தையே அறியாதவருக்கு எழுத்து மங்கித் தெரிகின்றது என்பதும் தெரியாதன்றோ? வயலும் வாய்க்காலும் தெளிவாகத் தெரிந்த கண்ணுக்குச் சிலேட்டு மட்டுமே மங்கலாயிற்று.

இதனை உணர்ந்த தொண்டர்கள் கண் மருத்துவர்களின் உதவியை நாடினர். பார்வையைச் சோதிக்கும் எளிய முறையை மருத்துவர்களிடம் தாமே கற்றனர். வீடுகளில் பயனின்றிக் கிடந்த பழைய மூக்குக் கண்ணாடிகளைக் கொடையாகத் திரட்டினர். ஆயிரக்கணக்கில் சேர்ந்த அக்கண்ணாடிகளைச் சோதித்து, யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துக் கொடுத்தனர். நின்று போனவர்கள் திரும்பி வந்தனர். ஆயிரம் சொற்பொழிவு செய்ய மாட்டாததை ஒரு பழைய மூக்குக் கண்ணாடி செய்தது.

முதியவர் கற்க வராததற்கு நாம் சோம்பலையும் ஆர்வமின்மையையும் காரணமாகச் சொல்லிவிடுகின்றோம். அருகில் சென்று பார்த்தால்தான் உண்மைக் காரணம் தெரியும். கண் தெரியாமை ஒன்று. காது கேளாமை ஒன்று. நெடுந்தூரம் நடக்க இயலாமை ஒன்று. இரவில் தனியே திரும்ப அஞ்சுதல் ஒன்று. எல்லாவற்றிலும் பெரியது வெட்கம்.

வெட்கத்தைப் பற்றி ஒரு சொல். நம் சமுதாயத்தில் இது நுட்பமான செய்தி. தமிழை அரபு எழுத்தால் எழுதும் அரபுத் தமிழ் மரபு நம்மிடையே பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. மலையாளத்தை அவ்வாறே எழுதும் அரபு மலையாளம் மாப்பிள்ளை முஸ்லிம்களிடையே வாழ்ந்தது. தமிழ் எழுத்தின் நெடுங்கணக்கு அறியாத பாட்டிமார் சிலர், அரபுத் தமிழில் அச்சான நூல்களைச் சரளமாகப் படித்து, சுற்றியிருந்தோர்க்கு விளக்கமும் சொன்னார்கள். அத்தகையவரிடம் போய், ‘நீங்கள் எழுத்தறியாதவர், கற்க வாருங்கள்’ என்று சொன்னால் அது அழைப்பாகுமா? அவமதிப்பன்றோ ஆகும்! ‘உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரிந்ததை நீங்களும் அறிந்துகொள்ளுங்கள்’ என்று தொடங்கினால் கதவு திறக்கும். இல்லாததைச் சுட்டி அழைப்பதற்கும், இருப்பதை மதித்து அழைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தமிழகத்தின் மறுமொழி

எர்ணாகுளத்தில் ஏற்றிய விளக்கு தமிழகத்துக்கும் வந்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வேகம் கொண்டது. அப்போது அங்கே ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். இவ்வியக்கத்தின் புதுமை, எழுத்தோடு மிதிவண்டியையும் இணைத்தது. கிராமத்துப் பெண்ணுக்கு எழுத்தின் பயன் உடனே விளங்காமல் இருக்கலாம். மிதிவண்டியின் பயன் அன்றைக்கே விளங்கும். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு வரலாம். பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகலாம். பேருந்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. 1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி ஒலிக்க, மிதிவண்டிகளில் புதுக்கோட்டையை வலம் வந்தனர். அம்மாவட்டத்தில் மிதிவண்டி ஓட்டக் கற்றவருள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர் என்பது நாம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்ததும் அதே காலத்தில்தான். கணக்குத் தெரிந்தால் கூலியில் ஏமாற வேண்டியதில்லை என்று கண்டவருக்கு, ‘ஏன் கற்க வேண்டும்’ என்று எவரும் சொற்பொழிவு செய்யத் தேவையில்லை.

கடலுக்கு அப்பால்

இதே வினாவுக்கு ஐரோப்பா வேறு வகையில் விடை தேடியது. 1973இல் பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் பேராசிரியர் பியேர் வேலா என்பார், ஓய்வு பெற்ற முதியோருக்கெனப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்துவிட்டார். ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ என்று அதற்குப் பெயர். கற்கும் இளமை முதற்பருவம். உழைக்கும் நடுவயது இரண்டாம் பருவம். உழைப்பினின்று ஓய்ந்த பின் வருவது மூன்றாம் பருவம். முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. ஓர் எளிய விண்ணப்பமும் சிறு கட்டணமுமே போதும்.

இக்கருத்து 1981இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரை அடைந்தது. வரலாற்றறிஞர் பீட்டர் லாஸ்லெட், சமூகவியலறிஞர் மைக்கேல் யங், கல்வியாளர் எரிக் மிட்விண்டர் ஆகிய மூவரும் இதை வேறு உருவில் வார்த்தனர். பேராசிரியர் வந்து முதியோருக்குப் பாடம் சொல்வதை அவர்கள் விரும்பவில்லை. முதியோரே முதியோருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும் என்றனர். ஒருவருக்கு வரலாறு தெரியும். மற்றொருவருக்கு இசை தெரியும். இன்னொருவருக்குத் தோட்டக்கலை தெரியும். தேர்வில்லை, பட்டமில்லை, உறுப்பினரின் வீட்டு முன்கூடமே பல வேளைகளில் வகுப்பறை. மிட்விண்டர் 1981இல் பி.பி.சி. வானொலியில் இதைப் பற்றிப் பேசியபோது, கேட்டவர்களிடமிருந்து ஏறத்தாழ 400 கடிதங்கள் வந்து குவிந்தன. அக்கடிதங்களே பல ஊர்களில் கிளைகள் தோன்றுவதற்கு வித்தாயின. 2020ஆம் ஆண்டுக்கு முன்பே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினரும் என்று அவ்வியக்கம் வளர்ந்திருந்தது.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வானொலியைக் கேட்டுக் கடிதம் எழுதியவர்கள் யார்? முன்பே கற்றவர்கள்! கடிதம் எழுதும் பழக்கமும் துணிவும் உடையவர்கள். ‘பல்கலைக்கழகம்’ என்ற பெயரைக் கேட்டதும், ‘அது நமக்கன்று’ என்று ஒதுங்கியவர் கடிதம் எழுதியிருக்க மாட்டார். அவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. அப்பெயரைப் பற்றிய விவாதம் அவ்வியக்கத்துக்குள்ளேயே நெடுங்காலம் நடந்தது. அண்மை ஆண்டுகளில் ‘யு3ஏ’ என்னும் சுருக்கப் பெயரையே அது முன்னிறுத்துகின்றது. கதவைத் திறந்து வைப்பது நல்லது. ஆனால் திறந்த கதவு, வழி தெரிந்தவரை மட்டுமே அழைக்கும். வழி தெரியாதவரின் வீட்டைத் தேடிப் போக வேண்டும் என்பதை எர்ணாகுளம் காட்டியது.

கணக்குக்கு வெளியே நின்றவர்கள்

எனினும் கேரளத்தின் வெற்றியிலும் ஒரு குறை இருந்தது. அதை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. தேசிய எழுத்தறிவு இயக்கம் சிறப்பாகக் கருத்திற்கொண்டது 15 முதல் 35 வயது வரையிலானோரை. கேரளம் அந்த எல்லையைப் பெருந்தன்மையோடு அறுபது வயது வரை விரித்தது. அப்படியும், அறுபதைக் கடந்தவர் கணக்குக்கு வெளியே நின்றனர். முழு எழுத்தறிவு என்பதே, குறிப்பிட்ட வயதினருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கற்றுவிட்டால் வழங்கப்பட்ட பெயர்தான்.

ஆலப்புழை மாவட்டத்துச் சேப்பாட்டைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா பள்ளிக்கே போகாதவர். கோயில்களைத் துப்புரவு செய்து பிழைத்தவர். மானாஞ்சிறைத் திடலில் ஆயிஷா அறிவிப்புச் செய்த அந்த நாளில் அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. மாநிலமே எழுத்தறிவைக் கொண்டாடியபோது, வயதின் எல்லைக்கு அப்பால் நின்றவர் அவர். இனி எத்தனை நாள் இருக்கப் போகிறார் என்று கணக்கிட்டவர்கள் ஏமாந்தார்கள். மேலும் இருபத்தேழு ஆண்டுகள் அவர் காத்திருந்தார்!

2018இல் கேரள எழுத்தறிவு இயக்கம் ‘அட்சரலட்சம்’ என்னும் திட்டத்தைக் கொண்டு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் நடந்த தேர்வை, 96 வயதில் கார்த்தியாயினி அம்மா எழுதினார். நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். வாசிப்பிலும் கணக்கிலும் முழு மதிப்பெண்; எழுத்தில் மட்டுமே இரண்டு குறைந்தது. அவரை இவ்வழிக்குத் தூண்டியது எது? அவருடைய மகள், தம் அறுபதாம் வயதையொட்டிப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேறியிருந்தார். வீட்டுக்குள்ளேயே ஒருவர் கற்பதைக் கண்ணாரக் கண்டதுதான் அத்தாய்க்குக் கிடைத்த அழைப்பு. 2020இல் குடியரசுத் தலைவரின் கையால் ‘நாரி சக்தி’ விருது பெற்ற அவர், 2023இல் 101ஆம் வயதில் மறைந்தார்.

கொல்லம் மாவட்டத்துப் பாகீரதி அம்மாவின் கதையும் இத்தகையதே. ஒன்பது வயதில் மூன்றாம் வகுப்போடு நின்றுபோன படிப்பை, 105ஆம் வயதில் நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வெழுதித் தொடர்ந்தார். 275க்கு 205 மதிப்பெண் அவருக்குக் கிடைத்தது.

மராட்டிய மாநிலம் தாணே மாவட்டத்தில் பாங்கணே என்றொரு சிற்றூர். 2016ஆம் ஆண்டு மகளிர் நாளன்று, ஊரிலுள்ள பாட்டிமாருக்கென்றே ஒரு பள்ளி அங்குத் தொடங்கப்பட்டது. சமய நூலைத் தம் கண்ணாலேயே படிக்க வேண்டும் என்று அப்பாட்டிமார் கொண்ட ஆசையே அதற்கு வித்து. வீட்டு வேலை முடிந்த பிற்பகலில் இரண்டு மணி நேரம் வகுப்பு. எல்லாருக்கும் ஒரே இளஞ்சிவப்புச் சேலை சீருடை. கணவனை இழந்தவர் நிறமுள்ள சேலை உடுக்கத் தயங்கும் ஊர்களில், அந்த இளஞ்சிவப்பே ஓர் அழைப்பாக இருந்திருக்கும். பாட்டியைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் வீட்டுப்பாடத்தில் உதவவும் பேரப்பிள்ளைகள் இருந்தனர்.

வரலாறு சொல்லும் செய்தி

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் சில உண்மைகள் புலனாகின்றன. மூத்தோரைக் கல்விக்கு அழைத்து வெற்றி பெற்றவர் அனைவரும் நேரில் சென்று அழைத்தனர். அல்லது அவர்களுக்குப் பழகிய முகத்தைக் கொண்டு அழைப்பித்தனர். இடத்தையும் நேரத்தையும் வருகின்றவரின் வசதிக்கேற்ப அமைத்தனர். வராதவரைக் குறை கூறாமல், வராததற்குக் காரணம் தேடினர். கற்க வந்தவர் ஏற்கெனவே அறிந்ததற்கு மதிப்பளித்தனர். அவர் விரும்பியதிலிருந்து தொடங்கினர்; தாம் விரும்பியதிலிருந்து அன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அழைப்பு ஒரு முறை விடுத்து முடிந்துபோகும் காரியமன்று. புதிதாகக் கற்ற எழுத்து, பயன்படுத்தாவிடில் மறந்துபோகும். விழா முடிந்து பந்தலைப் பிரித்த பின்னும் யாரேனும் வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய இயக்கங்கள் ஓய்ந்த இடங்களில் எல்லாம் ஓய்ந்தது அந்தத் தட்டும் கைதான்.

எழுத்தறிவு பெருகிவிட்ட நம் நாளில் இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். இன்று நம் வீட்டு மூத்தோர் வேறொரு வகையில் எழுத்தறியாதவராகி நிற்கின்றனர். வங்கியின் கணக்கும் மருந்தின் விவரமும் பயணச் சீட்டும் கைப்பேசிக்குள் போய்விட்டன. அதைத் திறக்கத் தெரியாமல், பேரனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பாட்டனார் எத்தனை பேர்! ‘உங்களுக்கு இது புரியாது, கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று நாம் கருவியைக் கையிலிருந்து வாங்கிக்கொள்கின்றோம். அன்பினால்தான் அவ்வாறு செய்கின்றோம். ஆனால் அந்த அன்பு, கற்கும் வாசலை அவர் முகத்துக்கு எதிரே சாத்திவிடுகின்றது என்பதை நாம் எண்ணுவதில்லை.

ஊருக்கு ஊர் சங்கங்களும் நூலகங்களும் நமக்கு உண்டு. வாரத்தில் ஒரு பிற்பகலை மூத்தோருக்கென ஒதுக்குவது அரிதன்று. பாய் விரித்த ஒரு கூடமும், பொறுமையுள்ள நான்கு இளைஞரும் இருந்தால் போதும். அறிவிப்பு ஒட்டினால் போதாது. அடுத்த தெரு உம்மம்மாவின் வாசலில் போய் நின்று, சலாம் சொல்லி, உட்கார்ந்து பேசி, ‘வாருங்கள், உங்களுக்குத் தெரிந்த பழைய செய்திகளை எங்களுக்குச் சொல்லுங்கள்; இந்தப் பெட்டியைத் திறக்கும் வித்தையை நாங்கள் சொல்லித் தருகிறோம்’ என்று அழைக்க ஒருவர் வேண்டும். முதல் நாள் வர மாட்டார். இரண்டாம் நாளும் போக வேண்டும். அப்போது அவர் மூக்குக் கண்ணாடி சரியாக இருக்கின்றதா என்பதையும் பார்த்துவர வேண்டும்.

காவனூர் ஆயிஷா இன்று நம்மிடையே இல்லை. மானாஞ்சிறைத் திடலில் அவர் ஒலித்த குரல் மட்டும் வரலாற்றில் நிற்கின்றது. அந்தக் குரலுக்கு முன்பே, எங்கோ ஒரு வாசலில், யாரோ ஒரு தொண்டர் ‘வாருங்கள் உம்மா’ என்று அழைத்த குரல் ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்தத் தொண்டரின் பெயரை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. நம் ஊரில் அக்குரல் யாருடையதாக இருக்கப் போகின்றது?